பிரதேச சபை நூலகம் நமக்கும் உரியது

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகள் கலந்துகொண்ட சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி, மருந்து என்று பேச வேண்டிய மேடையில் நூலகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது நியாயமான நினைப்புத்தான். நாளுக்கு எத்தனை கிலோ என்று கணக்குக் கேட்கும் இடத்தில் புத்தகத்துக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஏனென்றால் இது புத்தகத்தைப் பற்றிய பேச்சு என்பதைவிட நேரத்தைப் பற்றிய பேச்சு, உரிமையைப் பற்றிய பேச்சு.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். டவுனில் பிரதேச சபை நடத்தும் பொது நூலகம் பொதுப்பணத்தில் நடக்கிறது. சீனிக்கும் போன் கார்டுக்கும் நாம் கட்டும் வரியும் அந்தப் பொதுப்பணத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த நூலகத்தின் நேரமும், அங்கத்துவ விதியும், அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளும் நம் வேலைநாளுக்குப் பொருந்தாமல் இருக்கின்றன. அவற்றை நமக்குப் பொருந்தும்படி மாற்றக் கேட்பது சங்கத்தின் வேலை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். நம் பெண்கள் விடிய 4.30க்கு எழும்புகிறார்கள். ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கூடையோடு மலைக்கு ஏறுகிறார்கள். அந்திக் கொழுந்து நிறுத்து முடிய 4.30, 5 மணி ஆகிவிடும். அதன் பிறகு விறகு, தண்ணீர், இராச்சாப்பாடு. எங்களுக்குப் பக்கத்து டவுனில் உள்ள நூலகம் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் திறப்பதில்லை. அந்த நேரத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. அலுவலகத்துக்குப் போட்ட நேரத்தையே நூலகத்துக்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் முடிவு என்ன? மலைக்குப் போகும் ஒரு பெண், ஒரு நாள் சம்பளத்தை விட்டால்தான் அந்த வாசலை மிதிக்கலாம். பேர் போடாமல் விட்டு வந்து ஒரு புத்தகம் எடுக்க யாரால் முடியும்?

அடுத்தது அங்கத்துவம். பல நூலகங்களில் புத்தகம் வீட்டுக்கு எடுத்துப்போகப் பிணை கேட்கிறார்கள். அந்தப் பிரதேசத்தில் சோலை வரி கட்டுகிறவர் ஒருவரோ, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். டவுனில் உள்ளவருக்கு இது சின்ன விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வைப்பார். லயத்தில் இருப்பவருக்கோ காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். வரிப் பத்திரம் எங்கிருந்து வரும்? பக்கத்துக் காம்பராக்காரரிடமும் அதே நிலைமைதான். பல லயங்களுக்கு வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து வர வேண்டும். காணி உரிமை இல்லாததால் வீடு கட்ட முடியவில்லை, கடன் எடுக்க முடியவில்லை என்று பேசுகிறோம். ஒரு கதைப் புத்தகம் இரவல் எடுக்க முடியாததும் அதே காணிப் பிரச்சினையின் இன்னொரு முகம்தான்.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தவை. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அந்த உறுப்பினர் லயத்துக்கு ஒரு பாதை போட்டுத் தர நினைத்தாலும் முட்டுக்கட்டை. தோட்டம் என்பது கம்பனியின் நிர்வாகத்துக்குள் இருக்கும் இடம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற 2 பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று 6 ஆயின.

சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. ஆனால் பழக்கத்தின் கதவு அப்படியே இருக்கிறது. சபைகள் இன்னும் டவுனைப் பார்த்தே நூலகம் நடத்துகின்றன. நாமும் சபை உறுப்பினரைக் கண்டால் பாதை, மின்விளக்கு, மைதானம் கேட்கிறோமே தவிர நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காத ஒன்றை யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள் என்பது சங்கத்தில் இருக்கும் நமக்குத் தெரியாததா?

சரி, நூலகம் திறந்திருந்தால் போதுமா? எழுத்துக் கூட்டி வாசிக்கவே கஷ்டப்படும் பாட்டிமார் நம் லயங்களில் இருக்கிறார்கள். 8ஆம் வகுப்போடு நின்ற அக்காமார் இருக்கிறார்கள். புத்தக அலுமாரியைத் திறந்து வைத்துவிட்டு "வாருங்கள்" என்றால் இவர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறோம். புத்தகம் இரவல் கொடுப்பது நூலகத்தின் ஒரு வேலை. ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, வாசித்துக் காட்டி, கேள்வி கேட்கவைத்து, தெரிந்ததைப் பகிரவைப்பதும் நூலகத்தின் வேலைதான். பொது நூலகங்கள் பற்றி யுனெஸ்கோ 1949இல் ஒரு பிரகடனம் வெளியிட்டது. அது 1994இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது. நூலகத்துக்கு வர முடியாதவர்களிடம் நூலகம் போக வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. நாம் கேட்கப்போவது புதுமையான சலுகை ஒன்றுமில்லை.

நம் மக்களுக்கு ஏற்ற 4 நிகழ்ச்சிகளைப் பற்றி இங்கே சொல்கிறோம்.

முதலாவது, சத்தமாக வாசிக்கும் கூட்டம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இது தொழிலாளர்களின் பழைய வழக்கம். கியூபா நாட்டில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இலிருந்தே இப்படி நடந்தது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து பத்திரிகையும் கதையும் வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே சேர்த்துக் கொடுத்தார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களும் அப்படித்தான். வாசிக்கிறவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்து அவர் கூலியை ஈடுகட்டினார்கள். நம் நாட்டில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசித்துக் கேட்கும் வழக்கம் இருந்தது. அந்த ஆட்கள் நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் காதாலேயே படித்தார்கள்.

நமக்கும் இது அந்நியமில்லை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் இராகம் போட்டு வாசிக்க, லயமே கூடிக் கேட்ட காலம் இருந்தது. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் இரவிரவாகக் கேட்டு வளர்ந்த சனம் நாம். அந்தக் காது இன்னும் போய்விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 2 மணி நேரம் போதும். என்.எஸ்.எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" என்ற கதையை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நடுவில் வாசித்துப் பாருங்கள். கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை"யைப் பகுதி பகுதியாக வாசியுங்கள். தெளிவத்தை என்ற தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை வாசியுங்கள். கேட்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "இது நம்ம மலையில நடந்த மாதிரியே இருக்கே" என்று பேச்சு வரும். எங்கள் பாடசாலை மண்டபத்தில் தாய்மாருக்கு இப்படி வாசித்தபோது, கதை முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கியது. நிறுவையில் கிலோ குறைவதைப் பற்றி, சங்கக் கூட்டத்தில் வாய் திறக்காத அக்காமார் அங்கே பேசினார்கள்.

இரண்டாவது, பத்திர உதவி நாள். நம் வாழ்க்கையில் எத்தனை காரியம் ஒரு துண்டுக் கடதாசியில் நின்றுபோகிறது என்று யோசியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது பெயர். ஓய்வு பெற்ற பிறகு ஈ.பி.எப். காசு எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவருகிறது. பிறகு தரகரைப் பிடித்து, காசு கொடுத்து, மாதக்கணக்கில் அலைச்சல்.

ஈ.பி.எப். கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில் தருநரின் பங்கு 12 சதவீதம், மொத்தம் 20 சதவீதம். இதைத் தவிர ஈ.டி.எப். நிதிக்குத் தொழில் தருநர் 3 சதவீதம் கட்ட வேண்டும். அது நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாத காசு. ஒருவருடைய மாத உழைப்பு 30,000 ரூபா என்று வைத்தால், அவரிடம் 2,400 ரூபா பிடிப்பார்கள். நிர்வாகம் 3,600 ரூபா போட வேண்டும். கணக்கில் 6,000 ரூபா சேர வேண்டும். ஈ.டி.எப். நிதிக்கு 900 ரூபா தனியாகப் போக வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை நம் சம்பளச் சீட்டில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நூலகத்தில் ஒரு மேசை, 4 நாற்காலி, விஷயம் தெரிந்த ஓர் ஆள், தமிழில் அச்சடித்த படிவங்கள். இவ்வளவு இருந்தால் மாதத்தில் ஒரு நாள் இதைச் செய்யலாம். உயர்தரம் படித்த நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களே செய்வார்கள். வர்த்தமானி அறிவித்தல்கள், சம்பளச் சபைத் தீர்மானங்கள், கூட்டு ஒப்பந்தங்கள், தொழிற்சட்ட நூல்கள் ஆகியவற்றைத் தமிழில் ஓர் அலுமாரியில் ஒன்றுசேர்த்து வைக்கும்படியும் கேட்கலாம். சங்க அலுவலகத்துக்கு வரத் தயங்குகிறவரும் நூலகத்துக்கு வருவார். எந்தச் சங்கத்தில் சந்தா கொடுக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. பாடசாலை 1.30க்கு விடுகிறது. தாய் மலையிலிருந்து வர 5 மணி ஆகிறது. தகப்பன் கொழும்பில், அல்லது தாய் வெளிநாட்டில். இந்த மூன்றரை மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, யாரோடு இருக்கிறது என்பது நமக்கெல்லாம் வயிற்றில் நெருப்புத்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் டவுன் பிள்ளைக்கு டியூசன் இருக்கிறது. நம் பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசையும் வெளிச்சமும் சத்தமில்லாத ஒரு மூலையும் கிடைப்பதில்லை. 10 அடிக் காம்பராவில் 6 பேர் இருந்தால் பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும்?

ஆனால் பிள்ளைகளை நாள்தோறும் டவுனுக்குப் பஸ்ஸில் அனுப்ப முடியாது. அதனால் நூலகம் தோட்டத்துக்கு வர வேண்டும். இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கத்தில் 1931ஆம் ஆண்டு ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். இரங்கநாதன் அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, பயன்படுவதற்கே என்பது அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கொள்கை. அன்று மாட்டுவண்டியால் முடிந்தது இன்று ஒரு முச்சக்கர வண்டியால் முடியாதா? 100 புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டி. ஒரு மாதம் ஒரு டிவிஷனில் இருக்கட்டும். அடுத்த மாதம் அடுத்த டிவிஷனுக்குப் போகட்டும். அதைப் பொறுப்பெடுத்து வாரம் 2 பின்னேரம் கதை சொல்லவும் வாசிக்கவும் ஒரு தங்கையோ தம்பியோ இருந்தால் போதும். கோயில் மண்டபமோ சனசமூக நிலையமோ பாடசாலையின் ஒரு வகுப்பறையோ இடம் தரும்.

நான்காவது, நம் கதையை நாமே சேர்க்கும் நிகழ்ச்சி. 2023இல் மலையகம் 200 என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் நடந்து போனது. அந்த நடைக்குப் பிறகு நம் தோட்டத்து நூலகப் பெட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது? நம் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, 1948இல் குடியுரிமை பறிபோனபோது வீட்டில் என்ன பேசினார்கள், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் யார் யார் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பதெல்லாம் இன்னும் 80 வயதுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விடும்.

மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர், கவிஞர், தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். இவ்வளவு வேலைகளுக்கு நடுவிலும் அவர் நம் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் சேர்க்காவிட்டால் அந்தப் பாட்டுகளில் எத்தனையோ இன்று இருக்காது. அவர் காலத்தில் கையால் எழுத வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. மாதம் ஒரு பெரியவரை நூலகத்துக்கு அழைத்து, ஒரு சால்வை போர்த்தி, பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். எழுதியும் வைக்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. மலையக எழுத்துகளும் அதில் இருக்கின்றன. போனில் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். டேட்டாவுக்கு மட்டும்தான் செலவு.

"போன்லயே எல்லாம் வருதே, நூலகம் எதுக்கு?" என்று தம்பிமார் கேட்கிறீர்கள். போனில் வருவதைத் தனியாகப் பார்க்கிறோம். அது சரியா பிழையா என்று கேட்க ஆள் இல்லை. வெளிநாட்டு வேலை என்று ஒரு விளம்பரம் வருகிறது. உடனே கடன், குறைந்த வட்டி என்று ஒரு செய்தி வருகிறது. எத்தனை குடும்பம் அதில் மாட்டிக்கொண்டது என்று உங்களுக்கே தெரியும். அதே விளம்பரத்தை 10 பேர் நடுவில் வாசித்துப் பார்த்தால், "இதில பதிவு இலக்கம் இல்லையே" என்று ஒருவர் சொல்வார். கூட்டாகச் சிந்திக்கும் பழக்கத்தைத்தான் சங்கம் என்கிறோம். நூலகத்து நிகழ்ச்சியும் அதே பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

நம் சங்கங்களே எழுத்திலிருந்து பிறந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அதற்கு முன்பே அவர் பத்திரிகைக்காரர். "தேசபக்தன்" என்ற பத்திரிகையை நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டுப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துக்குள் வெளியார் வரத் தடை இருந்த காலத்திலும் கடதாசி வந்தது, பாட்டு வந்தது. இன்று யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் தோட்டத்துக்குள் புத்தகம் வரவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு யாருக்கு?

சிறிதாகத் தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. பிறகு ஊரார் கூடி நிதி சேர்த்தார்கள். 1959இல் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் அதை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் அது மறுபடியும் எழுந்து நிற்கிறது. ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து தொடங்கியதை எரித்தும் அழிக்க முடியவில்லை. ஊர் அதைத் தன்னுடையது என்று நினைத்ததுதான் காரணம். டவுன் நூலகத்தை நாம் இன்னும் நம்முடையது என்று நினைக்கவில்லை. அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். இந்தக் கூட்டத்தின் முன் 5 யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று, நேரம். வாரத்தில் 2 நாளாவது மாலை 7 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் நூலகம் திறந்திருக்க வேண்டும். நூலகத்தில் வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்கள்தான். அவர்களுக்குப் பதில் ஓய்வு நாளும் மேலதிக நேரக் கொடுப்பனவும் தரப்பட வேண்டும் என்று நாமே சேர்த்துக் கேட்போம். ஒரு தொழிலாளியின் ஓய்வைப் பறித்து இன்னொரு தொழிலாளிக்கு வாசிப்பு வேண்டாம்.

இரண்டு, அங்கத்துவம். லயத்தில் குடியிருப்பவருக்குச் சோலை வரிப் பிணை கேட்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடோ, பாடசாலை அதிபரின் கடிதமோ போதும் என்று சபை தீர்மானம் எடுக்க வேண்டும். அந்தத் தீர்மானம் வரும் வரை, அரசாங்க ஆசிரியர்களாக இருக்கும் நாங்கள் பிணைக் கையொப்பம் இடுகிறோம். புத்தகம் தொலைந்தால் பொறுப்பு எங்களுடையது. உங்கள் பிள்ளைகள் தொலைக்கமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

மூன்று, வாசகர் வட்டம். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் தோட்டங்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு பெண், ஓர் இளைஞர். என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எந்த மொழியில் என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டும். நம்மை அழைக்காமல் நமக்கு நிகழ்ச்சி வைத்தால், சம்பள நாளன்று வைத்துவிட்டு "ஆட்கள் வரவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

நான்கு, பணம். அக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் நூலகங்களில் போட்டிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன. அது முடிந்து ஆண்டு இறுதிக்குள் சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வருகிறது. ஆகவே செப்டெம்பரிலேயே நம் கோரிக்கை எழுத்தில் போக வேண்டும். பெட்டி நூலகத்துக்கு இத்தனை புத்தகம், வாகனத்துக்கு இவ்வளவு, தமிழ் நூல்களுக்கு இவ்வளவு என்று கணக்கோடு போக வேண்டும். சபையில் நம் வாக்கால் தெரிவான உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்களிடம் இதன் பிரதியைக் கையளிப்போம்.

ஐந்து, தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பிரதேச சபையில் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். கடந்த ஆண்டு நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை வாங்கப்பட்டன, தோட்ட முகவரியில் எத்தனை அங்கத்தவர்கள் இருக்கிறார்கள் என்று 4 கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவோம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமலே கேட்கலாம். பதில் கையில் இருந்தால் நம் கோரிக்கைக்குப் பலம் தனி.

இவற்றில் எதுவும் சம்பளப் போராட்டத்துக்குப் பதிலாக வைக்கப்படவில்லை. சம்பளம் கூடாமல் வீட்டில் விளக்கு எரியாது. ஆனால் கூடிய சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சம்பளச் சீட்டை வாசிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், கேட்டு வாங்கியது ஒரு பக்கத்தால் வந்து இன்னொரு பக்கத்தால் போய்விடும். அதற்குத்தான் இந்த வாசிப்பு.

இந்தக் கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நூலக அங்கத்துவ விண்ணப்பப் படிவங்கள் அங்கே இருக்கின்றன. பிணைக் கையொப்பம் இட எங்களில் 4 ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள், படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பவர்கள் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், தோட்டத் தலைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். முதலாவது வாசிப்புக் கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்தத் தோட்டத்தில் என்பதை மாதர் சங்கத் தலைவிகள் இன்றே பேசி முடிவெடுத்துச் சொன்னால், புத்தகத்தோடு வர நாங்கள் ஆயத்தம்.